கேமராவை விட்டு இறங்கிய ஃப்ளாஷ்: வாசகர் கேள்வி – பதில்

ஃப்ளாஷைக் கேமராவின் தலையிலிருந்து கழற்றி ஸ்டாண்டில் நிறுத்தி, கம்பியில்லாமல் அடிக்க வைப்பது பற்றிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

நிகான் டி5600 வைத்திருக்கிறேன். ஒரே ஒரு ஃப்ளாஷ் வைத்து வீட்டிலேயே போர்ட்ரெய்ட் எடுத்துப் பழக ஆசை. என்னென்ன வாங்க வேண்டும், எப்படி செட் செய்வது? (கும்பகோணம்)

ரேடியோ ரிசீவர் உள்ளேயே இருக்கும் மேனுவல் ஃப்ளாஷ் ஒன்று வாங்குங்கள். கோடாக்ஸ் டிடி600 இந்த வகைதான். அதே கம்பெனியின் டிரிகர் (கேமராவில் மாட்டி, ஃப்ளாஷுக்கு ரேடியோவில் ‘அடி’ என்று சொல்லும் கருவி) ஒன்று, நிகானுக்கென்று வரும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு மீட்டருக்குக் குறையாமல் உயரும் லைட் ஸ்டாண்ட், ஃப்ளாஷையும் குடையையும் சேர்த்துப் பிடிக்கும் பிராக்கெட், 40 அங்குல வெள்ளைக் குடை, ரீசார்ஜ் செய்யக்கூடிய பென்சில் செல் எட்டு. ஃப்ளாஷுக்கு நான்கு, டிரிகருக்கு இரண்டு, கைவசம் இரண்டு. சாஃப்ட்பாக்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். குடை விலையும் குறைவு, விரித்தால் வேலை முடிந்தது.

முதலில் ஃப்ளாஷ். அதன் வயர்லெஸ் பட்டனை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் மோட் மாறும். ரேடியோ ரிசீவர் குறி திரையில் வரும்வரை அழுத்துங்கள். ஆப்டிகல் ஸ்லேவ் (இன்னொரு ஃப்ளாஷின் மின்னலைப் பார்த்து அடிக்கும் மோட்) குறியில் நிறுத்திவிட்டு, டிரிகர் சரியில்லை என்று நினைப்பவர்கள் நிறைய. மோட் எம், பவர் 1/8, குரூப் ஏ. சேனல் எந்த எண்ணாக இருந்தாலும் சரி, டிரிகரிலும் அதே எண் இருக்க வேண்டும். ஐடி என்று தனியாக ஒரு எண் இருந்தால் அதுவும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஃப்ளாஷ் தலையின் ஜூமை 35-இல் வையுங்கள். 105-இல் வைத்தால் குடையின் நடுவில் மட்டும் ஒரு வட்டம் வெளுத்து, ஓரமெல்லாம் வீணாகும்.

அடுத்து டிரிகர். கேமராவின் மேலே ஃப்ளாஷ் மாட்டும் ஹாட் ஷூவில் கடைசிவரை தள்ளிப் பூட்டுங்கள். முழுதாக உள்ளே போகாமல் நின்றால் டெஸ்ட் பட்டனுக்கு அடிக்கும், ஷட்டருக்கு அடிக்காது. டிரிகரிலும் குரூப் ஏ-வை எம் மோடுக்கு மாற்றி, 1/8 வையுங்கள். இனி பவரை டிரிகரிலிருந்தே கூட்டிக் குறைக்கலாம், ஸ்டாண்டுக்கும் கேமராவுக்கும் நடக்க வேண்டாம்.

கேமராவில் எம் மோட், ஐஎஸ்ஓ 200, ஷட்டர் 1/160, அபெர்ச்சர் எஃப் 5.6. ஆட்டோ ஐஎஸ்ஓ கட்டாயம் ஆஃப். அதை மறந்தால், இருட்டைப் பார்த்துக் கேமரா தானாக ஐஎஸ்ஓவை ஏற்றிவிடும், முகம் சுண்ணாம்பாகிவிடும். ஒயிட் பேலன்ஸ் ஃப்ளாஷ் குறியில் இருக்கட்டும்.

இப்போது டிரிகரை ஆஃப் செய்துவிட்டு ஒரு படம் எடுங்கள். கிட்டத்தட்ட கருப்பாக வர வேண்டும். வந்தால், அறை வெளிச்சம் படத்துக்குள் நுழையவில்லை, இனி வருவதெல்லாம் உங்கள் ஃப்ளாஷ் வெளிச்சம் மட்டும்தான் என்று அர்த்தம். பிறகு ஆன் செய்து எடுங்கள். முகம் வெளுத்தால் 1/16, கறுத்தால் 1/4.

ஷட்டர் அறை வெளிச்சத்தை மட்டும் கட்டுப்படுத்தும். ஃப்ளாஷ் பவர் ஃப்ளாஷை மட்டும் கட்டுப்படுத்தும். அபெர்ச்சரும் ஐஎஸ்ஓவும் இரண்டையும் சேர்த்து ஏற்றி இறக்கும். காரணம் எளிது. ஃப்ளாஷ் மின்னி அணையும் நேரம் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை விட மிகக் குறைவு. 1/160-க்குப் பதில் 1/40 வைத்தாலும் ஷட்டருக்குள் வரும் ஃப்ளாஷ் வெளிச்சம் அதேதான், அறையின் டியூப்லைட் மட்டும் நான்கு மடங்கு கூடும். பின்னால் இருக்கும் விளக்கு தெரிய வேண்டுமா? ஷட்டர் வேகத்தைக் குறையுங்கள், ஃப்ளாஷைத் தொடாதீர்கள்.

குடை முகத்திலிருந்து 1.5 மீட்டரில், பக்கவாட்டில் 45 டிகிரியில், தலைக்குச் சற்று மேலே இருந்து கீழே பார்க்கட்டும். மூக்கின் நிழல் வாயோரத்தை நோக்கி இறங்கினால் இடம் சரி. குடையை 3 மீட்டருக்குத் தள்ளினால் வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகும். அதாவது இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது). பழைய அளவு வேண்டுமென்றால் பவரை 1/8-லிருந்து 1/2-க்கு ஏற்ற வேண்டும். தூரத்தோடு குடை சின்னதாகத் தெரிவதால் நிழலின் ஓரமும் கூர்மையாகிவிடும். எனவே முடிந்தவரை நெருக்கமாகவே வையுங்கள்.

ஒரு விஷயம். உங்கள் மாடலில் ஃப்ளாஷோடு ஷட்டரை 1/200-க்கு மேல் ஏற்ற வழியில்லை. நிகானின் டி3000, டி5000 வரிசைகளில் அதைவிட வேகமான ஷட்டரிலும் ஃப்ளாஷ் அடிக்க வைக்கும் எச்எஸ்எஸ் எனப்படும் ஹை ஸ்பீட் சிங்க் கிடையாது, டிரிகர் எவ்வளவு விலையானாலும் சரி. அதனால் அதற்கென்று அதிகம் செலவு செய்யாதீர்கள்.

கேனான் 1500டி. டிரிகரில் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் ஃப்ளாஷ் அடிக்கிறது. படம் எடுத்தால் அடிக்கவே மாட்டேன் என்கிறது. டிரிகரை நண்பரின் 80டி-யில் போட்டால் ஒழுங்காக வேலை செய்கிறது. என் கேமரா பழுதா? (தஞ்சாவூர்)

பழுதில்லை. கேமராவின் ஹாட் ஷூவைக் குனிந்து பாருங்கள். நண்பரின் 80டி-யில் நடுவில் பெரிய வட்டமாக ஓர் உலோகப் புள்ளியும், அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகளும் இருக்கும். உங்களுடையதில் அந்த நடுப்புள்ளி இருக்காது. 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகியவற்றில் கேனான் அதை எடுத்துவிட்டது. உலகத்தில் எல்லாக் கம்பெனிகளின் சாதாரண டிரிகரும் ‘அடி’ என்ற சிக்னலை அந்த ஒரு புள்ளியில்தான் வாங்கும். உங்கள் கேமராவோ, கேனானின் டிஜிட்டல் மொழியில், சின்னப் புள்ளிகள் வழியாக மட்டும்தான் பேசும்.

எனவே அடியில் ஒற்றைப் புள்ளி மட்டும் உள்ள மலிவு டிரிகர் உங்களுக்கு ஆகாது. கேனானுக்கென்று வரும், அடியில் ஐந்து புள்ளிகள் உள்ள டிடிஎல் (கேமராவே ஃப்ளாஷ் பவரைக் கணக்கிடும் முறை) டிரிகர் வேண்டும். அதிலும் பழைய ஃபர்ம்வேர் உள்ள சரக்கு இந்த மாடல்களில் திணறும். கேமராவைக் கையோடு எடுத்துப்போய்ப் பத்துப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். டிரிகர் டிடிஎல் வகையாக இருந்தாலும், எதிரே ஸ்டாண்டில் நிற்கும் ஃப்ளாஷ் மேனுவலாக இருக்கலாம், அதில் சிக்கல் இல்லை.

ஷூவில் எதையும் மாட்டாமல் சமாளிக்கவும் வழி உண்டு. கேமராவின் சொந்த பாப்-அப் ஃப்ளாஷை மேனுவலில் மிகக் குறைந்த பவரில் வைத்து, வெளி ஃப்ளாஷை ஆப்டிகல் எஸ்1-இல் விட்டால், சின்னது மின்னும்போது பெரியதும் மின்னும். மெனுவில் மேனுவல் இல்லாவிட்டால் எஸ்2-இல் வையுங்கள். அது டிடிஎல் அளவு பார்க்க விடும் முன்மின்னலைக் கண்டுகொள்ளாமல் இரண்டாவதற்கு அடிக்கும். அறைக்குள் நன்றாகவே ஓடும். வெயிலில் நம்ப முடியாது.

படத்தின் கீழ்ப்பகுதியில் கருப்புப் பட்டை விழுகிறது. சில சமயம் மெலிதாக, சில சமயம் பாதிப் படம். ஏன்? (நாகர்கோவில்)

சிங்க் ஸ்பீடை, அதாவது ஃப்ளாஷோடு சேர்ந்து ஓடக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகத்தை, தாண்டிவிட்டீர்கள். ஷட்டர் என்பது இரண்டு திரை. முதல் திரை இறங்கிச் சென்சாரைத் திறக்கும், இரண்டாவது பின்னாலேயே வந்து மூடும். 1/200-இல் முதல் திரை முழுதாக இறங்கி முடித்த பிறகுதான் இரண்டாவது கிளம்பும். நடுவில் ஒரு கணம் சென்சார் முழுக்கத் திறந்திருக்கும், ஃப்ளாஷ் அப்போது மின்னும். 1/500 வைத்தால் முதல் திரை அடியைத் தொடும் முன்பே இரண்டாவது கிளம்பிவிடும். மின்னும் நேரத்தில் சென்சாரின் ஒரு பகுதியை அது மறைத்திருக்கும். லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக விழ வைப்பதால், மேலே மறைத்தது படத்தில் கீழே பட்டையாகத் தெரிகிறது. கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் அதே பட்டை பக்கவாட்டில் வரும்.

எல்லை கேமராவுக்குக் கேமரா மாறும். கேனான் 6டி-க்கு 1/180, கேனான் 5டி மார்க் 4-க்கும் நிகான் டி750-க்கும் 1/200, சோனி ஏ7 மார்க் 3-க்கு 1/250. எல்லைக்குள்ளேயே இருந்தும் மெலிதாகப் பட்டை வந்தால், மலிவு டிரிகர் சிக்னலைத் தாமதமாக அனுப்புகிறது. 1/160 அல்லது 1/125-க்கு இறங்குங்கள், போய்விடும். மண்டபத்துக்குள் இதனால் நஷ்டம் எதுவும் இல்லை.

1/60-இலும் பட்டை வந்தால் அது சிங்க் விவகாரமே அல்ல. ஹூட், குடையின் விளிம்பு, கேமராவின் சொந்த எலக்ட்ரானிக் ஷட்டர் என்று வேறு இடத்தில் தேடுங்கள்.

கல்யாண மண்டபத்தில் நான் படம் எடுக்காதபோதும் என் ஸ்டாண்ட் ஃப்ளாஷ் தானாக அடிக்கிறது. நான் எடுக்கும்போது சில நேரம் அடிப்பதில்லை. இரு வீட்டாரும் தனித்தனி போட்டோகிராபர் வைத்திருந்தார்கள். (திருநெல்வேலி)

கடைசி வாக்கியத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. பெண் வீட்டார் அழைத்து வந்தவரும் மாப்பிள்ளை வீட்டார் அழைத்து வந்தவரும் ஒரே கம்பெனி டிரிகர் வைத்து, இருவரும் சேனல் 1-ஐ மாற்றாமலே விட்டிருந்தால், மற்றவர் கிளிக் செய்தால் உங்கள் ஃப்ளாஷ் அடிக்கும். நீங்கள் கிளிக் செய்யும் நேரத்தில் அது அவருக்காக அடித்துவிட்டு ரீசைக்கிள் (மறுபடி சார்ஜ்) ஆகிக்கொண்டிருக்கும். தானாக அடிப்பதும் அடிக்காமல் போவதும் ஒரே கோளாறின் இரண்டு முகம்.

முகூர்த்தத்துக்கு முன்பே அவரிடம் போய், “அண்ணே, நீங்க எந்த சேனல்?” என்று கேட்டுவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. கோடாக்ஸ் எக்ஸ் முறையில் 32 சேனல் உண்டு, அதோடு 01 முதல் 99 வரை ஐடி உண்டு. ஐடி ஒன்றாக இல்லாவிட்டால் சேனல் மோதினாலும் பரவாயில்லை. டிரிகரிலும் ஒவ்வொரு ஃப்ளாஷிலும் ஐடியை மாற்ற வேண்டும். ஒன்றில் விட்டுப்போனால் அந்த ஒன்று மட்டும் ஊமையாக நிற்கும்.

இன்னொரு சாத்தியம், ஃப்ளாஷ் எஸ்1 ஆப்டிகல் மோடில் கிடக்கிறது. அப்படியானால் மண்டபத்தில் யார் ஃப்ளாஷ் அடித்தாலும் உங்களுடையது கூடவே பாடும். மாமா கையில் இருக்கும் பழைய பாயின்ட் அண்ட் ஷூட் கேமரா உட்பட. குறியைப் பார்த்து ரேடியோவுக்கு மாற்றுங்கள்.

சேனலும் ஐடியும் தனியாக இருந்தும் தவறினால், டிரிகருக்கும் ரிசீவருக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். இந்த டிரிகர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. மண்டபத்து வைஃபையும், சில கார்ட்லெஸ் மைக்குகளும் அதே இடத்தில்தான். மனித உடம்பு, அதாவது தண்ணீர், இந்த அலையை நன்றாகவே விழுங்கும். மேடை முன் நூறு பேர் எழுந்து நின்று அட்சதை போடும் நேரத்தில்தான் ஃப்ளாஷ் தவறுகிறது என்றால் காரணம் இதுதான். ஸ்டாண்டைத் தலைகளுக்கு மேல், 2.5 மீட்டருக்கு ஏற்றுங்கள். எல்இடி திரைக்குப் பின்னாலும், ஸ்பீக்கர் அடுக்கை ஒட்டியும் வைக்காதீர்கள். கோடாக்ஸ் எக்ஸ்ப்ரோ போன்ற டிரிகர்களில் ஸ்கேன் என்று ஒரு வசதி உண்டு. இடைஞ்சல் குறைவான சேனல்களை அதுவே தேடிக் காட்டும். மண்டபம் நிரம்பிய பிறகு ஸ்கேன் செய்யுங்கள். காலி மண்டபத்தில் எல்லாச் சேனலும் சுத்தமாகத்தான் இருக்கும்.

ஃப்ளாஷ் மிக அருகில் இருந்தாலும் தவறும் என்பது பலருக்குத் தெரியாது. அதே டிரிகரின் கஸ்டம் மெனுவில் தூரத்துக்கு 1–100 மீட்டர், 0–30 மீட்டர் என்று இரண்டு தேர்வு இருக்கிறது. ஃப்ளாஷ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் இரண்டாவதை வையுங்கள்.

எதிர்க் கட்சி ஃப்ளாஷ் உங்கள் படத்தில் விழுந்து ஒரு ஃபிரேம் வெளுத்துப் போவதற்கு மட்டும் மருந்தில்லை. இரண்டு மூன்று ஃபிரேம் சேர்த்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அட்சதை தூவும் படத்தில் அரிசி மணி மணியாக நிற்காமல் கோடு கோடாக வருகிறது. ஷட்டர் 1/200-தான் வைக்க முடிகிறது. எச்எஸ்எஸ் போடலாமா? (காரைக்குடி)

வேண்டாம். எச்எஸ்எஸ் இங்கே எதிரி. ஃப்ளாஷ் படத்தில் அசைவை நிறுத்துவது ஷட்டர் அல்ல, ஃப்ளாஷ் மின்னி அணையும் நேரம்.

ஒன்றரை மீட்டர் விழுந்த அரிசி நொடிக்கு ஏறக்குறைய 5.4 மீட்டர் வேகத்தில் இருக்கும். கோடாக்ஸ் டிடி600 ஃபுல் பவரில் அடித்தால் மின்னல் 1/300 நொடி நீடிக்கும். அதற்குள் அரிசி 18 மில்லிமீட்டர் இறங்கிவிடும். அரிசியின் நீளமே 6 மில்லிமீட்டர்தான், கோடு விழாமல் என்ன செய்யும்? இதே ஃப்ளாஷில் பவரைக் குறைத்தால் மின்னல் மங்குவதில்லை, சீக்கிரம் துண்டிக்கப்படுகிறது. 1/128 பவரில் 1/20000 நொடி. 1/5000 நொடிக்கு வந்தாலே அரிசி நகர்வது ஒரு மில்லிமீட்டர். எச்எஸ்எஸ்ஸில் ஃப்ளாஷ் ஒரே மின்னலாக அடிக்காமல், ஷட்டர் ஓடி முடியும்வரை துடித்துக்கொண்டே எரியும். அப்போது அரிசியை நிறுத்த வேண்டியது ஷட்டர்தான். 1/1000 வைத்தாலும் 5 மில்லிமீட்டர் கோடு, அதோடு பவரும் போச்சு.

ஆக, இரண்டு ஃப்ளாஷ், ஒவ்வொன்றும் 1/16, மணமக்களிடமிருந்து 2 மீட்டரில் குடையோடு. ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6, 1/200. இதிலிருந்து தொடங்கிச் சரிசெய்யுங்கள். அரிசி பளிச்சென்று தனித்துத் தெரிய ஒரு ஃப்ளாஷை மணமக்களுக்குப் பின்பக்க மூலையிலிருந்து அடிக்க விடுங்கள். முன்னிருந்து மட்டும் அடித்தால் மஞ்சள் அரிசி பட்டுப்புடவையில் கரைந்துபோகும்.

இத்தனைக்குப் பிறகும் ஒவ்வொரு மணிக்கும் மெலிதாக ஒரு வால் தெரிந்தால் அது வீடியோக்காரர் லைட்டின் வேலை. அந்த லைட் ஷட்டர் திறந்திருக்கும் 1/200 நொடி முழுக்க அரிசியைக் காட்டிக்கொண்டிருக்கிறது. டிரிகரை ஆஃப் செய்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். சரியான வெளிச்சத்தை விட இரண்டரை, மூன்று ஸ்டாப் இருட்டாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஐஎஸ்ஓவைக் குறைத்து ஃப்ளாஷை நெருக்கமாக்குங்கள். வீடியோ லைட்டை அணைக்கச் சொல்லிப் பார்க்கலாம்தான், நடக்காது.

ப்ரீ வெட்டிங் ஷூட். மதியம் 12 மணி வெயில், எஃப் 2.8-இல் பின்னணி மங்கலாக வேண்டும் என்கிறார்கள். ஃப்ளாஷ் அடித்தும் முகம் கறுப்பாகவே வருகிறது. (இராமநாதபுரம்)

முதலில் கணக்கு. ஐஎஸ்ஓ 100-இல் முழு வெயிலுக்கு 1/200, எஃப் 11 சுமாராகச் சரியாக வரும். எஃப் 11-லிருந்து எஃப் 2.8 நான்கு ஸ்டாப். ஆக ஷட்டர் 1/3200. அது சிங்க் ஸ்பீடுக்கு எங்கோ மேலே, எச்எஸ்எஸ் இல்லாமல் முடியாது. எச்எஸ்எஸ் போட்டதுமே ஃப்ளாஷின் பலம் இரண்டு ஸ்டாப்போ அதற்கு மேலோ விழும். சாஃப்ட்பாக்ஸ் இன்னும் இரண்டு ஸ்டாப் வரை தின்னும். சின்ன ஃப்ளாஷிடம் மிச்சம் என்ன இருக்கும்? அதனால்தான் முகம் கறுப்பு.

மூன்று வழி சொல்லலாம். லென்ஸில் 4 ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) மாட்டினால் 1/200, எஃப் 2.8-இலேயே வானம் அடங்கும், எச்எஸ்எஸ்ஸே தேவையில்லை. ஃபில்டர் ஃப்ளாஷ் வெளிச்சத்தையும் 4 ஸ்டாப் குறைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அபெர்ச்சர் 4 ஸ்டாப் திறந்திருப்பதால் அது சரியாகிவிடும். எஃப் 11-இல் எடுத்தால் எவ்வளவு பவர் வேண்டுமோ அதே பவர்தான் வேண்டும். இதில் தொந்தரவு ஆட்டோஃபோகஸ் சற்றுத் தடுமாறுவது. மலிவு ஃபில்டர் என்றால் நிறமும் மாறும்.

அடுத்தது, பெரிய தலை. சின்ன ஃப்ளாஷ் ஏறக்குறைய 75 வாட்-செகண்ட். 200 வாட்-செகண்ட் பேட்டரி ஃப்ளாஷ் ஒன்று ஒன்றரை ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவாகக் கூடுதல் தரும். அவ்வளவுதான். பலர் நினைப்பது போலப் பத்து மடங்கெல்லாம் இல்லை. அதையும் ஒரு மீட்டரில் வைத்தால்தான் உபயோகம்.

எங்கள் சிபாரிசு மூன்றாவது. இடத்தை மாற்றுங்கள். வேப்ப மரத்து நிழலில் நிறுத்தினால் முகத்தில் விழும் வெயில் இரண்டு மூன்று ஸ்டாப் குறையும், ஃப்ளாஷ் மூச்சு விடும். மாலை ஐந்தரைக்கு வரச் சொல்ல முடிந்தால் இந்தக் கேள்வியே இல்லை. பன்னிரண்டு மணிதான் என்றால் சூரியனை அவர்கள் முதுகுக்குப் பின்னால் விட்டு, குடையில்லாமல் வெறும் ஃப்ளாஷை ஒன்றரை மீட்டரில் அடியுங்கள். முதுகில் வெயில் இருக்கும்போது முகத்தில் சற்றுக் கடின வெளிச்சம் உறுத்தாது.

எச்எஸ்எஸ் போடும் இடம்: கேனானில் டிரிகரின் சிங்க் பட்டன். நிகான் டி7000 வரிசையிலும் அதற்கு மேலும் கேமரா மெனுவின் இ1-இல் ஆட்டோ எஃப்பி தேர்வு. அதைத் தேர்வு செய்யாவிட்டால் டிரிகரில் என்ன தட்டினாலும் ஷட்டர் சிங்க் ஸ்பீடில் முட்டி நிற்கும்.

கடற்கரையில் எடுப்பதாக இருந்தால் இதுவும்: ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைக் கயிற்றால் ஸ்டாண்டின் நடுவில் கட்டித் தொங்கவிடுங்கள், தரையில் லேசாகத் தொட்டபடி. ஸ்டாண்டின் ஒரு கால் காற்று போகும் திசையைப் பார்க்கட்டும். அங்கே குடை வேண்டாம். அதற்குக் காற்றைக் கண்டால் பறக்கத்தான் தெரியும்.

மேடையில் 15 பேர் குரூப் போட்டோ. ஃப்ளாஷ் பக்கம் நிற்பவர் வெளுத்தும், மறுகோடியில் நிற்பவர் இருட்டாகவும் வருகிறார். (ஈரோடு)

ஃப்ளாஷ் முதல் ஆளிடமிருந்து 2 மீட்டரிலும் கடைசி ஆளிடமிருந்து 6 மீட்டரிலும் இருக்கிறது என்று வையுங்கள். மூன்று மடங்கு தூரம், ஒன்பது மடங்கு வெளிச்ச வித்தியாசம், மூன்று ஸ்டாப்புக்கும் மேல். ஸ்டாண்டை இன்னும் 4 மீட்டர் பின்னால் இழுங்கள். தூரம் 6, 10 என்று ஆகும். இப்போது வித்தியாசம் ஒன்றரை ஸ்டாப்தான். அதோடு ஃப்ளாஷை நடுவைப் பார்க்காமல் மறுகோடியைப் பார்க்கத் திருப்பினால், வெளிச்சத்தின் ஓரம் மட்டும் அருகில் இருப்பவர் மேல் படும். மிச்ச வித்தியாசமும் பெரும்பாலும் மறையும்.

இரண்டு ஃப்ளாஷ் இருந்தால் கேமராவுக்கு இருபுறமும், வரிசையிலிருந்து 5 மீட்டரில், நன்றாக உயரத்தில் வைத்து, இடது ஃப்ளாஷ் வலது பாதியையும் வலது ஃப்ளாஷ் இடது பாதியையும் பார்க்கும்படி குறுக்காகத் திருப்புங்கள். ஐஎஸ்ஓ 800, எஃப் 5.6, 1/125, குடையோடு 1/4 பவர். உயரம் குறைந்தால் முன் வரிசையின் தலை நிழல் பின் வரிசை முகத்தில் ஏறும், குறிப்பாகத் தலைப்பாகை கட்டியவர் முன்னால் உட்கார்ந்திருந்தால்.

மேடை மஞ்சள் விளக்காக இருந்து முகம் மட்டும் நீலம் பாய்ந்து தெரிந்தால், ஃப்ளாஷின் முன்புறத்தில் ஆரஞ்சு ஜெல் (ஒளி ஊடுருவும் நிறத் தாள்) ஒட்டிக் கேமராவின் ஒயிட் பேலன்ஸை பல்பு குறிக்கு மாற்றுங்கள். பின்னணியும் முகமும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும்.

ஸ்டுடியோவில் இருபது வருடப் பழைய லைட்டுகள் இருக்கின்றன. புதிய மிரர்லெஸ் கேமராவில் சிங்க் கம்பியை நேரடியாக மாட்டலாமா? கேமரா போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். (மதுரை)

பயம் நியாயமானது. பழைய லைட்டுகள் சிலவற்றின் சிங்க் முனையில் நூறு, இருநூறு வோல்ட்டுக்கு மேல்கூட நிற்கும். ஃபிலிம் கேமராவின் உலோக ஸ்விட்ச் அதைத் தாங்கிக்கொண்டது. இப்போது அந்த இடத்தில் எலக்ட்ரானிக் பாகம்.

அளந்து பாருங்கள். லைட்டை ஆன் செய்து ரெடி விளக்கு எரியும்வரை பொறுங்கள். மல்டிமீட்டரை டிசி 500 வோல்ட்டுக்கு மேற்பட்ட ரேஞ்சில் வைத்து, சிங்க் பின்னின் நடு முனையிலும் வெளி வளையத்திலும் தொடுங்கள். பழைய கையடக்க ஃப்ளாஷ் என்றால் அடியில் இருக்கும் நடுப்புள்ளியிலும் ஷூ உரசும் பக்க விளிம்பிலும். விரலால் எதையும் தொடாதீர்கள், லைட்டைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளையே சாய்க்கும் அளவு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

6 வோல்ட்டுக்குள் என்றால் எந்தக் கேமராவுக்கும் கவலையில்லை. அதற்கு மேல் என்றால் உங்கள் கேமராவின் கையேட்டில் எல்லை என்ன என்று பாருங்கள். நிகான் தன் கையேடுகளில் 250 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆனால் எல்லாக் கம்பெனியும் அந்த அளவு தாராளம் அல்ல. எதுவானாலும் கம்பியை விட்டுவிட்டு ரேடியோ ரிசீவர் மாட்டுவதே புத்திசாலித்தனம். கேமராவில் டிரிகர், லைட்டில் ரிசீவர், நடுவில் காற்று மட்டும். போனாலும் போவது ரிசீவர்தான். ரிசீவருக்கும் ஒரு வோல்ட்டேஜ் எல்லை உண்டு, வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று லைட்டுக்கும் மூன்று ரிசீவர் தேவையில்லை. ஒன்றுக்கு ரிசீவர், மற்ற இரண்டும் தங்கள் ஸ்லேவ் கண்ணால் அதைப் பார்த்து அடிக்கட்டும். ஆனால் அதோடு கேமராவில் டிடிஎல் ஃப்ளாஷ் எதையும் சேர்க்காதீர்கள். டிடிஎல்லும் ரெட்-ஐ ரிடக்‌ஷனும் முன்மின்னல் விடும், ஸ்லேவ் கண் அதற்கே அடித்துவிடும். ஷட்டர் திறக்கும்போது லைட் காலி. கண்ணுக்கு எல்லா லைட்டும் அடித்தது போலத் தெரியும், படத்தில் மட்டும் இருக்காது.

மிரர்லெஸ்ஸில் எம் மோட், 1/200, எஃப் 8 வைத்தால் திரை கருப்பாகிவிடுகிறது. ஃபிரேம் பார்க்கவே முடியவில்லை. (கோயம்புத்தூர்)

கேமரா உண்மையைத்தான் காட்டுகிறது, ஃப்ளாஷ் இல்லாமல் படம் அப்படித்தான் வரும். ஒற்றைப் புள்ளி டிரிகர் மாட்டியிருந்தால், மேலே ஃப்ளாஷ் இருப்பதே அதற்குத் தெரியாது. சோனியில் லைவ் வியூ டிஸ்ப்ளேவை செட்டிங் எஃபெக்ட் ஆஃப் என்று மாற்றுங்கள். கேனான் ஆர் வரிசையில் எக்ஸ்போஷர் சிமுலேஷனை நிறுத்துங்கள். திரை வெளிச்சமாகிவிடும். ஃப்ளாஷ் வேலை முடிந்ததும் மறக்காமல் திருப்பி வையுங்கள், இல்லையென்றால் சாதாரணப் படமெல்லாம் அளவு தெரியாமல் போகும். சைலன்ட் ஷூட்டிங் ஆனில் இருந்தால் ஃப்ளாஷ் அடிக்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிடிஎல்லா, மேனுவலா? (சென்னை)

ஸ்டாண்டில் நிற்கும் ஃப்ளாஷுக்கு மேனுவல். ஃப்ளாஷும் ஆளும் நகராதபோது வெளிச்சமும் மாற வேண்டியதில்லை. டிடிஎல் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புதிதாகக் கணக்குப் போடும். வெள்ளை வேட்டிக்காரர் வந்தால் இருட்டாக்கும், கறுப்பு கோட்டு வந்தால் வெளுக்கும். நகர்ந்துகொண்டே எடுக்கும் மாப்பிள்ளை அழைப்புக்கு, கேமரா மேலேயே இருக்கும் ஃப்ளாஷில், டிடிஎல் போடுங்கள்.

நாலாவது ஐந்தாவது படம் திடீரென்று இருட்டாக வருகிறது, பிறகு சரியாகிறது. புது செல்தான். (விழுப்புரம்)

ஃப்ளாஷ் சார்ஜ் ஆகும் முன்பே அடுத்த கிளிக். டிடி600-க்கு ஃபுல் பவரில் அடித்த பின் மறுபடி நிரம்ப 2.6 நொடி வரை வேண்டும், அதுவும் நல்ல செல்லோடு. அல்கலைன் செல்லில் 1.5 வோல்ட் என்று எழுதியிருந்தாலும், சட்டென்று அதிக மின்சாரம் இழுத்தால் திணறும். 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் அதே வேலையை அலட்டாமல் செய்யும். நாலு செல்லும் ஒரே கம்பெனி, ஒரே வயது, ஒன்றாகச் சார்ஜ் ஆனவையாக இருக்கட்டும். ஒன்று நொண்டினால் நாலும் நொண்டும். பவரை 1/2-க்கு மேல் ஏற்றாமல் ஐஎஸ்ஓவை ஒரு ஸ்டாப் கூட்டினாலே இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீரும்.

ஃபுல் பவரில் தொடர்ந்து 30 முறைக்கு மேல் அடிக்காதீர்கள். பத்து நிமிடம் ஆற விடச் சொல்கிறது கையேடு. நம் ஊர் மே மாதத்துக்கு இன்னும் முன்னதாகவே நிறுத்துவது நல்லது.

கண்ணாடி போட்டவர்களுக்குக் குடை அப்படியே கண்ணாடியில் தெரிகிறது. (சேலம்)

குடையை இன்னும் உயர்த்தி, இன்னும் பக்கவாட்டில் தள்ளுங்கள். போகவில்லையென்றால், கண்ணாடியின் காதுப் பகுதியை அரை விரல் உயர்த்தி மாட்டச் சொல்லுங்கள். கண்ணாடி லேசாகக் கீழே சாயும், குடை பிரதிபலிப்பு காணாமல் போகும். காது முடிக்குள் மறைந்திருந்தால் இந்த வேலை படத்தில் தெரியவே தெரியாது.